ரியானன் கிடன்ஸ்: பல வகை இசையைக் கலப்பவரா, பிரித்துவைக்கப்பட்டதைச் சேர்ப்பவரா?

கேள்வி: மேகலை

அனைவருக்கும் வணக்கம். 2024-இல் பியான்சே வெளியிட்ட ‘டெக்சஸ் ஹோல்டம்’ பாடலில் பான்ஜோ என்ற நரம்புக் கருவியை வாசித்தவர் யார் என்று தேடியபோதுதான் அமெரிக்கப் பாடகி ரியானன் கிடன்ஸ் என்ற பெயர் எனக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து அவருடைய தொகுப்புகளைக் கிடைத்த வரிசையில் கேட்டுவருகிறேன். ஒன்றில் பழைய கிராமத்து ஆட்ட மெட்டுகளை வாசிக்கிறார். இன்னொன்றில் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசையமைப்பாளர் மான்டவெர்டியின் இத்தாலியப் பாடலைப் பாடுகிறார். வேறொன்று முழுக்க, கறுப்பின அமெரிக்கரின் சோல் இசையின் சாயலில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பாட்டாலேயே நடக்கும் நாடகமான ஓபரா ஒன்றையும் எழுதி, அதற்காக 2023-இல் புலிட்சர் பரிசும் பெற்றிருக்கிறார்.

இத்தனை வகைகளிலும் கால் வைக்கும் ஒருவருக்கு இதுதான் வேர் என்று சுட்டிக்காட்ட ஏதேனும் உண்டா, அல்லது நல்ல குரல்வளம் உள்ள ஒருவர் விரும்பியதையெல்லாம் பாடிப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா? அவர் சொந்தமாக எழுதிய பாடல்கள் எப்படிப்பட்டவை என்பதையும், எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: தந்திவாசகன்

மேகலை அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதற்கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

வேர் எது என்று பார்ப்பதற்கு முன், நாம் இன்று ‘வகைகள்’ என்று சொல்பவை எப்போது வகுக்கப்பட்டன என்று பார்க்க வேண்டும். 1920-களில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் தென்மாநிலங்களின் இசையை வாங்குபவரின் நிறத்தை வைத்து இரண்டு பட்டியல்களாகப் பிரித்தன. கறுப்பினத்தவருக்கு விற்பவை ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’ ஆயின. வெள்ளையருக்கு விற்பவை ‘ஹில்பில்லி’ என்று பெயர் பெற்றுப் பின்னாளில் கண்ட்ரி இசையாக வளர்ந்தன. ஒரே ஊரில் இரு நிறத்தாரும் ஒரே ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) மெட்டுகளை வாசித்துவந்த நிலையில், கறுப்பினத்தவரிடம் நிறுவனங்கள் பெரும்பாலும் புளூஸ் பாடல்களையே எதிர்பார்த்ததால், ஃபிடிலும் பான்ஜோவும் வாசித்த கறுப்பினக் கலைஞர்களில் மிகச் சிலரே பதிவானார்கள். பதிவாகாதவர்கள் இருந்ததே இல்லை என்று அடுத்த தலைமுறை நினைத்துக்கொண்டது.

பான்ஜோவின் கதை இதைவிடக் கசப்பானது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், தங்கள் ஊர்க் கருவிகளின் நினைவிலிருந்து, சுரைக்குடுக்கையும் தோலும் கொண்டு கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் உருவாக்கிய கருவி அது. செனகல், காம்பியா பகுதியில் வாழும் ஜோலா மக்களின் அகோன்டிங் என்ற மூன்று நரம்புக் கருவியைப் பார்த்தால் உறவு புலப்படும்: அதிலும் ஒரு நரம்பு மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும்; விரல்நகத்தால் மேலிருந்து கீழாக அடித்துக்கொண்டே, கட்டைவிரலால் அந்தக் குட்டை நரம்பைத் தம்புராவின் சுருதிபோல விடாமல் ஒலிக்கச் செய்வார்கள். கிடன்ஸின் வலக்கையை ஏதாவது காணொளியில் கவனியுங்கள், இதே அசைவுதான். 1840-களில் முகத்தில் கரி பூசிய வெள்ளையர்கள் ‘மின்ஸ்ட்ரல்’ கேலிக்கூத்துகளில் பான்ஜோவை வாசிக்கத் தொடங்கியபோது இந்த அடியும் அவர்களோடு மேடையேறியது. உலோகக் கம்பியும் விரல்களில் மாட்டிய கூர்முனையுமாக மூன்று விரலால் மின்னல் வேகத்தில் மீட்டும் புளூகிராஸ் பாணி ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வந்தது. கிடன்ஸ் பெரும்பாலும் வாசிப்பது 1858-ஆம் ஆண்டுக் கருவி ஒன்றின் மறு உருவாக்கம். கழுத்தில் மெட்டுக் கட்டைகள் இல்லை, சுருதி தாழ்ந்திருக்கும், ஒலியில் ஒரு மந்தமான கனம் இருக்கும்.

அவர் 1977-இல் வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோவில் வெள்ளையரான தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். ஒஹையோவிலுள்ள ஓபர்லின் இசைக்கல்லூரியில் ஓபராப் பாட்டு பயின்று 2000-இல் பட்டம் பெற்றார். ஊர் திரும்பிய பின் கான்ட்ரா என்னும் குழு நடனங்களுக்கு அடிகளை உரக்கச் சொல்லி நடத்துபவராக இருந்திருக்கிறார், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பாடல்களைக் கற்றிருக்கிறார், பான்ஜோவையும் ஃபிடிலையும் கையில் எடுத்திருக்கிறார். 2005-இல் வட கரோலைனாவின் பூன் நகரில் கறுப்பினப் பான்ஜோ மரபுக்கென்றே நடந்த ஒன்றுகூடலில் டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன் இருவரையும் சந்தித்தார். மூவரும் மெபன் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜோ தாம்சனின் வீட்டுக்கு வியாழக்கிழமைதோறும் சென்று வாசிக்கத் தொடங்கினார்கள்.

எனக்கு இந்தக் கட்டம்தான் அவருடைய இசைவாழ்வின் அச்சாணி. தாம்சனுக்கு அப்போது எண்பதைக் கடந்த வயது. தந்தையிடம் ஃபிடில் கற்று, அக்கம்பக்கத்து ஆட்டங்களுக்கு வாசித்தவர். அவருக்குத் துணையாகப் பான்ஜோ வாசித்த ஒன்றுவிட்ட சகோதரர் ஓடெல் தாம்சன் 1994-இல் இறந்தபின் அந்தத் துணை இல்லாமற்போயிற்று. குறிப்பேடு, பாடத்திட்டம் எதுவும் கிடையாது. அவர் வாசிப்பார், இவர்கள் கூடவே வாசித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்துதான் ‘கரோலைனா சாக்லேட் டிராப்ஸ்’ குழு உருவாயிற்று. 2010-இல் வந்த ‘ஜெனுவின் நீக்ரோ ஜிக்’ தொகுப்பு மரபு நாட்டுப்புற இசைக்கான கிராமி விருதைப் பெற்றது. தாம்சன் 2012-இல் தமது 93-ஆவது வயதில் மறைந்தார்.

எனவே, கலக்கிறார் என்று நாம் சொல்வது, பெரும்பகுதி, வணிகம் கோடு கிழித்துப் பிரித்ததை அவர் பிரிக்க மறுப்பதுதான்.

பதில் 2: குறிஞ்சிவேலன்

தந்திவாசகன் எழுதியதில் வரலாற்றுச் செய்திகளை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரி கொஞ்சம் வசதியாக அமைந்துவிட்டது என்று தோன்றுகிறது. ‘டிராப்ஸ்’ காலத்துக்கு அது பொருந்தும். அதிலும்கூட, புளூ கான்ட்ரெல் 2001-இல் பாடிப் புகழ்பெற்ற ஆர் அண்ட் பி பாடலை அவர்கள் ஃபிடில், பான்ஜோ, வாயால் போடும் தாளம் ஆகியவற்றோடு பாடியதை எந்த மீட்பில் சேர்ப்பது? அது விளையாட்டு, நல்ல விளையாட்டு, அவ்வளவே.

2019-க்குப் பிந்தைய கிடன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ துரிசி ஜாஸ் பியானோ கலைஞர்; மத்தியதரைக்கடல் பகுதிகளின் சட்டக மேளங்களில், அதாவது கஞ்சிராவின் உறவினர்களில், கைதேர்ந்தவர். இருவரும் சேர்ந்து டப்ளினில் பதிவுசெய்த ‘தேர் இஸ் நோ அதர்’ தொகுப்பில், அப்பலாச்சிய மலைப்பகுதியின் பழம்பாடலுக்கு அருகிலேயே தென் இத்தாலியின் பிட்சிகா ஆட்டப்பாடல் ஒன்று வருகிறது. மின்ஸ்ட்ரல் பான்ஜோவின் தாழ்ந்த ஒலியும் சட்டக மேளமும் ஒன்றோடொன்று இயல்பாகப் பொருந்துகின்றன என்பதைக் காதால் உணர முடிகிறது. ஆனால் இவ்விரண்டும் ஒரே முற்றத்தில் வாசிக்கப்பட்டுப் பின்னர் பிரிக்கப்பட்டவை அல்ல. இரண்டு கலைஞர்கள், அயர்லாந்தில் வாழ நேர்ந்தவர்கள், தங்கள் செவியை நம்பிச் சேர்த்தவை. அதைக் கலப்பு என்று சொல்வதில் இழுக்கு எதுவும் இல்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் டப்ளினுக்கு வெளியே ஒரு பண்ணையிலிருந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான ‘தே ஆர் காலிங் மீ ஹோம்’ தொகுப்பில்தான் மேகலை குறிப்பிட்ட மான்டவெர்டி பாடல் இருக்கிறது. அது 2022-இல் சிறந்த நாட்டுப்புற இசைத்தொகுப்புக்கான கிராமியைப் பெற்றது என்பது, வகைப்பாடுகளைப் பற்றி நாம் இங்கே வாதாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைக்கிறது.

குரல் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஓபராப் பயிற்சி அவருக்குத் துணையா, சுமையா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. 2015-இல் வந்த முதல் தனித்தொகுப்பான ‘டுமாரோ இஸ் மை டர்ன்’ ஏறத்தாழ முழுவதும் பிறர் பாடல்கள். டாலி பார்ட்டன், பேட்ஸி கிளைன், ஒடெட்டா, நீனா சிமோன் என ஒவ்வொரு பெண்குரலுக்கும் அவர் செய்யும் வணக்கம் அது. ஒடெட்டாவின் வழியில் பாடும் ‘வாட்டர்பாய்’ பாடலில் மூச்சின் நீளமும் குரலின் கட்டுறுதியும் பிரமிக்க வைக்கின்றன. ஆனால் சில மென்மையான பாடல்களில் உச்சரிப்பு அளவுக்கு மீறித் திருத்தமாக இருக்கிறது. பாடலுக்குள் இருக்கும் பெண் தெரியாமல் பாடகிதான் தெரிகிறார். பிந்தைய தொகுப்புகளில் இந்தக் குறை பெரிதும் நீங்கிவிட்டது.

பதில் 3: செவ்வந்தி

இருவரும் பாடலாசிரியரை விட்டுவிட்டீர்கள். மேகலை கேட்டதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

கிடன்ஸின் சொந்தப் பாடல்களில் மிக வலுவானவை ஆவணங்களிலிருந்து பிறந்தவை. 2017-இல் வந்த ‘ஃப்ரீடம் ஹைவே’ தொகுப்பின் இரண்டு பாடல்களைக் கேளுங்கள். தொகுப்பின் முதல் பாடலான ‘அட் தி பர்ச்சேசர்ஸ் ஆப்ஷன்’ அடிமைமுறைக் காலத்து நாளிதழ் விளம்பரம் ஒன்றிலிருந்து எழுந்தது. சுமார் 22 வயதுடைய, வீட்டுவேலையும் வயல்வேலையும் பழகிய பெண் விற்பனைக்கு இருப்பதாகவும், அவளுக்கு ஒன்பது மாதக் குழந்தை ஒன்று உண்டு என்றும், அக்குழந்தையைச் சேர்த்து வாங்குவதும் விடுவதும் வாங்குபவரின் விருப்பம் என்றும் அந்த விளம்பரம் கூறுகிறது. கிடன்ஸ் செய்ததெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தன்மையில் பேச ஒரு குரல் கொடுத்ததுதான். அழுகை இல்லை, முறையீடு இல்லை. குழந்தையைப் பார்த்தால் பாசம் வைத்துவிடுவோமே என்று அஞ்சும் ஒருத்தியின் தயக்கம் இருக்கிறது, உடலை எடுத்துக்கொண்டாலும் உயிரை எடுக்க முடியாது என்ற பிடிவாதம் இருக்கிறது. மெட்டு மட்டும் கைதட்டிப் பாடக்கூடியதாக இருப்பதால், கூடச் சேர்ந்து பாடிவிட்டுப் பிறகுதான் என்ன பாடினோம் என்று திடுக்கிடுகிறோம்.

மற்றொரு பாடலான ‘ஜூலி’, அமெரிக்க உள்நாட்டுப் போரின் படைகள் நெருங்கும்போது வீட்டு எசமானிக்கும் அடிமைப் பெண்ணுக்கும் இடையே நடக்கும் உரையாடல். இரண்டு பெண்களின் பேச்சு, அதோடு பான்ஜோ. எசமானி தன் அன்பை நம்பிக்கொண்டிருக்க, ஜூலியின் ஒவ்வொரு பதிலும் அந்த நம்பிக்கையின் ஒரு செங்கல்லை உருவிக்கொண்டே போகிறது.

2022-இல் சார்ல்ஸ்டன் நகரின் ஸ்போலெட்டோ விழாவில் அரங்கேறிய ‘ஓமர்’ ஓபராவும் இதே வழியின் தொடர்ச்சி. இன்றைய செனகல் நாட்டின் ஃபூத்தா தோரோ பகுதியைச் சேர்ந்த இஸ்லாமிய அறிஞரான ஓமர் இப்னு சயீத், அடிமையாக்கப்பட்டு 1807-இல் அதே சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டவர். 1831-இல் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதிவைத்தவர். கிடன்ஸ் பாடல்வரிகளை எழுதி, திரையிசையிலும் புகழ்பெற்ற மைக்கேல் ஏபல்ஸுடன் சேர்ந்து இசையமைத்தார். ஓபர்லினில் கற்றதும் மெபனில் கற்றதும் இங்கேதான் முதன்முறையாக ஒரே மேடையில் நின்றன என்பேன். குறிஞ்சிவேலன் சொல்லும் கலப்பு, தந்திவாசகன் சொல்லும் மீட்பு, இரண்டில் எந்தப் பக்கம் இதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வைக்க வேண்டிய தேவையும் தெரியவில்லை.

மேகலை

மூவருக்கும் மிக்க நன்றி. ‘ஜூலி’யைக் கேட்டேன், எசமானி கேட்கும் கடைசிக் கேள்விக்குப் பின் வருவதை எதிர்பார்க்கவே இல்லை. ஒரு துணைக்கேள்வி: சோல் சாயலில் இருக்கிறது என்று நான் குறிப்பிட்டது 2023-இல் வந்த ‘யூ ஆர் தி ஒன்’ தொகுப்பை. அனைத்தும் அவர் எழுதிய பாடல்கள் என்று அறிந்து ஆவலோடு கேட்டேன், ஆனால் மற்றவை அளவுக்கு மனத்தில் ஒட்டவில்லை. நான் எதையாவது கவனிக்கத் தவறினேனா?

பதில் 4: தந்திவாசகன்

உங்கள் செவியில் பிழை இல்லை. மயாமியில் ஜாக் ஸ்பிளாஷ் என்ற தயாரிப்பாளருடன் உருவாக்கிய அந்தத் தொகுப்பில் பித்தளைக் கருவிகளும் தாளமும் பெருத்த அளவில் நிரம்பியிருக்கின்றன. பல ஆண்டுகளில் எழுதிய பாடல்கள் என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் இழுக்கிறது. காதல், பிரிவு பற்றிய பாடல்களில் அவர் திறமையான பாடலாசிரியர், அவ்வளவுதான். விதிவிலக்கு ‘அனதர் வேஸ்டட் லைஃப்’. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் தண்டனை விதிக்கப்படாமலே மூன்றாண்டுகள் அடைபட்டிருந்து, விடுதலைக்குப் பின் உயிரை மாய்த்துக்கொண்ட கலீஃப் பிரவுடரை நினைத்து எழுதியது. செவ்வந்தி சொன்னது இங்கே உறுதியாகிறது: யாரோ ஒருவரின் பதிவேட்டிலிருந்து தொடங்கும்போது அவர் எழுத்து கூர்மையாகிறது.

கேட்கும் வரிசைக்கு என் பரிந்துரை: ‘ஃப்ரீடம் ஹைவே’ முதலில். அடுத்து, மூன்று கறுப்பினப் பெண் கலைஞர்களுடன் அவர் 2019-இல் வெளியிட்ட ‘சாங்ஸ் ஆஃப் அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்’. நால்வருமே பான்ஜோ வாசிப்பவர்கள், நால்வரின் பாணியும் வேறு. அதன் பிறகு துரிசியுடனான இரண்டு தொகுப்புகள். கடைசியாக, 2025-இல் ஜஸ்டின் ராபின்சனுடன் வெளியிட்ட ‘வாட் டிட் தி பிளாக்பேர்ட் சே டு தி க்ரோ’. ஃபிடிலும் பான்ஜோவும் பிரதானமாக ஒலிக்க, ஜோ தாம்சனின் வீடு உட்பட வட கரோலைனாவில் திறந்தவெளிகளில் பதிவுசெய்தது. பறவைகளும் சில்வண்டுகளும் மெட்டுகளுக்கு நடுவே தாராளமாகக் குறுக்கிடுகின்றன. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.

பதில் 5: குறிஞ்சிவேலன்

வரிசை நன்று, ஒரு சேர்க்கை மட்டும். 2020-இல் அவர் கலை இயக்குநராகப் பொறுப்பேற்ற, பல நாட்டு இசைக்கலைஞர்கள் சேர்ந்த சில்க்ரோடு குழுவின் ‘அமெரிக்கன் ரெயில்ரோடு’ 2024-இல் வந்தது. கண்டத்தின் குறுக்கே தண்டவாளம் போட்ட சீன, அயர்லாந்து, கறுப்பினத் தொழிலாளர்களின் இசையையும், அந்தத் தண்டவாளத்தால் நிலம் பிளவுண்ட தொல்குடியினரின் இசையையும் ஒரே தொகுப்பில் வைக்கும் முயற்சி அது. வேலைக்களத்தில் உண்மையாகவே அருகருகே நின்றவர்களின் இசை என்பதால் இதைத் தந்திவாசகன் தம் பக்கத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை.