வோக்கலீஸுக்கு "அகார சாதகம்" பொருந்துமா?

ஐயா வணக்கம்,

பாட்டு வாத்தியார் மத்தில்டே மார்கேசி பத்தி நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன், அருமையா வந்திருக்கு. ஆனா வோக்கலீஸ்ங்கிற சொல்லுக்கு (வார்த்தையே இல்லாம உயிரெழுத்த மட்டும் வெச்சுப் பாடற மேற்கத்திய உருப்படி) "அகார சாதகம்"னு, அதாவது "ஆ"ன்னு குரல் பிடிச்சுப் பழகற பயிற்சின்னு போட்டிருக்கீங்களே, அது எனக்கு ஒத்து வரல.

அந்தம்மா பிராங்பர்ட்ல 1821ல பிறந்தவங்க, அப்பாவோட சொத்து போனதும் பாட்டையே பிழைப்பா எடுத்துக்கிட்டு பாரிஸ்ல மானுவேல் கார்சியாங்கிற பாட்டு வாத்தியார்கிட்ட கத்துக்கிட்டு, 1854ல வியன்னா கன்சர்வேட்டரிங்கிற இசைக்கல்லூரில வாத்தியாரா சேர்ந்தாங்க, நடுவுல பாரிஸ், கொலோன்னு போயிட்டு 1868ல திரும்ப வியன்னாவுக்கே வந்து இன்னொரு பத்து வருஷம் சொல்லிக்குடுத்தாங்க. அவங்க பாடமுறைல மூணு படி இருக்கு. முதல்ல வெறும் பயிற்சி, தாடைய தானா இறங்க விட்டு "ஆ"ன்னு பிடிக்கணும், சிரிச்ச மாதிரி வாய வெச்சுக்கறது அவங்களுக்கு ஆகவே ஆகாது. இதத்தான் நாம அகார சாதகம்னு சொல்லலாம், தாராளமா பொருந்தும். அடுத்தது வோக்கலீஸ். இது பியானோவோட சேர்த்து, ஆரம்பம் முடிவு எல்லாம் வெச்சு, அச்சுப் போட்ட முழு உருப்படி, வார்த்தை மட்டும்தான் கிடையாது. மூணாவதுதான் சாகித்தியம் உள்ள பாட்டு. முதல் படிக்கும் ரெண்டாவது படிக்கும் ஒரே பேர வெச்சா, அவங்க இசையமைச்சவங்கன்னே தெரியாமப் போயிடும், வெறும் சாதகம் பண்ண வெச்ச டீச்சர்னு ஆயிடும், அதான் எனக்கு மனசு கேக்கல.

இன்னொண்ணு, ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினாஃப் ஆப்பஸ் 34ங்கிற பாட்டுத் தொகுப்புல கடைசியா ஒரு வோக்கலீஸ் வெச்சிருக்காரே, அது கச்சேரில பாடறது, எந்த உயிரெழுத்து வேணும்னாலும் பாடறவங்களே தேர்ந்துக்கலாம், அப்போ அது அகாரமும் இல்ல, சாதகமும் இல்ல. ஆலாபனைன்னும் சொல்ல முடியாது, அது அந்த நேரத்துக்கு மனசுல எழறது, இது எழுதி வெச்சது.

"சொல்லில் பாட்டு"ன்னு ஒருத்தர் சொன்னார், ஆனா சொல்லில்னா சொல் இல்லாததா, சொல்லுக்குள்ளயான்னு படிக்கறவங்க குழம்புவாங்க.

என் பரிந்துரை உயிர்ப்பாட்டு. மெய்யே இல்லாம உயிரெழுத்த மட்டும் வெச்சுப் பாடறது, நம்ம இலக்கணத்துலயே அந்த உயிர் இருக்கு, எந்த உயிரானாலும் அடங்கிடும். உயிர உருக்கற பாட்டுன்னு யாராவது எடுத்துக்குவாங்களோன்னு முதல்ல எனக்கும் தயக்கமாதான் இருந்துச்சு, ஆனா உயிர்மெய்ன்னா யாரும் அப்படி எடுத்துக்கறதில்லையே. "மார்கேசி தம் மாணவிகளுக்காக உயிர்ப்பாட்டுகள் எழுதினார்"னு வாய்விட்டு சொல்லிப் பாருங்க, தடையில்லாம வருது.

இதுக்கு சம்மதம்னா சொல்ஃபேஜ்ங்கிற பயிற்சிக்கும் தமிழ்ப்பேர் தானா அமைஞ்சிடும் ஐயா, சுரப்பேர் சொல்லிப் பாடறதால அது சுரப்பாட்டு.