அம்பாசடர் பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின்: காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை, பிரேக்கும் இறுகிவிட்டது

கேள்வி (மேட்டுப்பாளையம்)

வணக்கம். அப்பா வைத்திருந்த 1984 மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. பிளாக்கில் விரிசல் விட்டதால், உடைக்கப் போன டீசல் அம்பாசடர் ஒன்றின் 1489 சிசி எஞ்சினை வாங்கி ஏற்றியிருக்கிறோம். ஆர்டிஓவில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, ஆர்சியிலும் மாற்றியாகிவிட்டது.

இரவு நிறுத்தினால் காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை லிவரைக் கொஞ்ச நேரம் அடித்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. டேங்கில் டீசல் குறைந்திருக்கும்போது குன்னூர் மலை ஏறினால் திணறுகிறது. கீழே ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. மெக்கானிக், எஞ்சினுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்பைக் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

இன்னொன்று. வண்டியில் முன்பே பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைக் கூட்டும் கருவி) உண்டு. எஞ்சின் மாற்றியதிலிருந்து பிரேக் மிதிக்க ரொம்ப இறுக்கமாக இருக்கிறது.

பதில் (சேலம்)

ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடாக்குவது) பாருங்கள். இந்த எஞ்சினுக்குக் காலையில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் கஷ்டம்தான்.

பதில் (பொள்ளாச்சி)

ஹீட்டர் பிளக் போயிருந்தால் கை லிவர் அடித்து என்ன பயன்? செல்ஃப் அடிக்கும்போது சைலென்சரில் வெள்ளைப் புகையும் வந்திருக்கும். புகையே வராவிட்டால் நாசிலுக்கு (எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். தம்பி, உங்கள் வண்டி டீசல் லைனில் ஏர் இழுக்கிறது. பம்ப்பில் இப்போது கை வைக்க வேண்டாம். இந்த டிபிஏ ரோட்டரி வகைப் பம்ப்பைக் கழற்றினால் டைமிங்கும் (டீசல் பீய்ச்சும் நேரம்) புதிதாக வைக்க வேண்டிவரும், வீண் செலவு.

டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் தரையில் சொட்டு இல்லை. இரவில் லைனில் உள்ள டீசல் டேங்க்குக்கே இறங்கிவிடும். மலை ஏறும்போது மூக்கு மேலே, டேங்க் பின்னால் கீழே. டீசலும் குறைவாக இருந்தால் இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும், காற்றும் கூடுதலாகப் புகும்.

ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடிபோல் தெரியும் டீசல் ஹோஸைப் போட்டு எஞ்சினை ஓட விடுங்கள். குமிழி ஓடினால் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம், மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் லைனை எங்கே விட்டிருக்கிறீர்கள்? பெட்ரோல் டேங்க்கில் அதற்கு வழி இருக்காதே!

கேட்டவர்

ரிட்டர்னை உறிஞ்சும் லைனிலேயே ஒரு டி (மூன்று வழி இணைப்பு) போட்டுச் சேர்த்திருக்கிறார்கள், அண்ணே. புகை வருவதே இல்லை.

பதில் (பொள்ளாச்சி)

அதை முதலில் எடுங்கள். நாசில் ரிட்டர்ன், பம்ப் ரிட்டர்ன் இரண்டிலும் வரும் காற்று டேங்க்குக்குப் போய்ப் பிரிய வேண்டும். டி போட்டால் அதே காற்றும் சூடான டீசலும் சுற்றிச் சுற்றி வரும். டேங்க்கை இறக்கி, பெட்ரோல் வாடையே இல்லாமல் சுத்தம் செய்த பிறகுதான் ரிட்டர்ன் பைப்பை வெல்டிங் வைக்க வேண்டும். காலி டேங்க்தானே என்று அப்படியே வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், ஆவி தீப்பிடித்து வெடிக்கும். வெல்டிங் வேண்டாமென்றால், டேங்க்கில் டீசல் அளவைக் காட்டும் மிதவை யூனிட்டின் மூடியில் துளையிட்டு பித்தளை நிப்பிள் வைத்தாலும் போதும். அந்த மூடியைக் கழற்றிக் கையில் வைத்துத் துளையிடலாம். டேங்க் மூடியில் காற்று போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் (மதுரை)

பிரேக் விஷயத்தை யாரும் தொடவில்லையே! பெட்ரோல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்யூம் (உறிஞ்சும் விசை) இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) வந்தது. இந்த டீசலில் காற்றை அடைக்கும் பட்டர்ஃபிளை கிடையாது, அதனால் மேனிஃபோல்டில் சொல்லும்படியான வேக்யூமே இருக்காது. பின்னால் வேக்யூம் பம்ப் உள்ள ஆல்டர்னேட்டர் போடுங்கள். அதற்கு எஞ்சின் ஆயில் போக ஒரு பைப், சம்ப்புக்குத் (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரும்ப ஒரு தடித்த ஹோஸ் வேண்டும். திரும்பும் ஹோஸ் எங்கும் மடங்காமல் சரிவாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் தேங்கி பம்ப் கெட்டுவிடும். இது முடியும்வரை குன்னூர் பக்கம் போகவே போகாதீர்கள். மலையில் இறங்கும்போது காலில் பலம் இருக்கிறது என்று நம்ப முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எஞ்சின் மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவில் வரும் வேலை. இவர் செய்ததுபோல முதலில் ஆர்டிஓ, அப்புறம்தான் ஸ்பேனர்.

கேட்டவர்

அண்ணன்களுக்கு நன்றி. ஹோஸ் போட்டவுடனே வெள்ளை வெள்ளையாகக் குமிழி ஓடியது. டியை எடுத்துவிட்டு, மிதவை மூடியில் நிப்பிள் வைத்து ரிட்டர்ன் விட்டோம். குமிழி பெருமளவு குறைந்தது, நிற்கவில்லை. டேங்க் வாசலில் இருந்த பழைய பெட்ரோல் பைப்பின் நுனி நெளிந்திருந்ததால் அதையும் மாற்றினோம். ஏர் பிளீட் செய்த (லைனில் இருந்த காற்றை வெளியேற்றிய) பிறகு ஹோஸில் சுத்தமாக டீசல் மட்டும் ஓடுகிறது. இன்று காலை ஹீட்டர் போட்டு ஒரே செல்ஃபில் பிடித்துவிட்டது, லிவரைத் தொடவே இல்லை.

ஆல்டர்னேட்டர் சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும்வரை வண்டி ஷெட்டில்தான். முன்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, டார்ஷன் பாரை (முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி) ஏற்றலாமா?

பதில் (பொள்ளாச்சி)

டீசல் எஞ்சின் கனம், தாழத்தான் செய்யும். ஏற்றலாம், இரண்டு பக்கமும் ஒரே உயரம் வர வேண்டும். ஏற்றிய கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், தம்பி.