மறு: ‘ரிப்பன் டெவலப்மென்ட்’ – நாடாவா, நெடுகலா?

அன்பர்களுக்கு,

தெருவோரமாக ஒரே வரிசையில் ஊர் நீண்டுபோவதை ஆங்கிலத்தில் ‘ரிப்பன் டெவலப்மென்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் குழுவில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ரிப்பன் என்றால் நாடா. ‘நாடா வளர்ச்சி’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோமே.

போகலாம்தான், ஐயா. ஆனால் இலக்கணம் படித்த யாரிடமாவது ‘நாடா வளர்ச்சி’யைத் தனியாக நீட்டிப் பாருங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், நாடாத வளர்ச்சி, யாரும் விரும்பாத வளர்ச்சி என்று பிரித்துக் கையில் தந்துவிடுவார். அந்தக் கால இங்கிலாந்தின் நகரத் திட்டக்காரர்கள் இந்தப் பொருளைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்கள். நமக்கு அது உதவாது. தவிர, நம் பத்திரிகைகளில் நாடா என்பது அமைச்சர் வந்து வெட்டுவதற்கென்றே கட்டப்படும் பொருள்.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இங்கிலாந்தில் பஸ்ஸும் காரும் பெருகின. நெடுஞ்சாலையோரக் காணியில் வீடு கட்டினால் தனியாகத் தெரு போடும் செலவு இல்லை. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் வாசலோடு போகும். அதனால் தெருவின் இரு பக்கமும் ஒரே ஒரு வரிசை வீடு, அதன் பின்னால் வெறும் வயல் என்று ஊர்கள் நீண்டுகொண்டே போயின. இதை அடக்குவதற்கென்றே 1935இல் ஒரு சட்டம் வந்தது: முக்கியத் தெருக்களின் நடுவிலிருந்து 220 அடிக்குள் அனுமதியில்லாமல் கட்டக்கூடாது. ஆக, ‘ஒரே வரிசை’ என்பதுதான் இந்தக் கருத்தின் உயிர்.

அதனால்தான் இலங்கையின் கிழக்கிலுள்ள கல்முனைக் கரையை இதற்கு உதாரணமாகக் காட்டியவரோடு எனக்கு உடன்பாடில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு என்று பஸ்ஸில் போகும்போது, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைக் கடைப் பெயர்ப்பலகையின் கடைசி வரியைப் படித்துத்தான் அறிய வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இறங்கிக் கிழக்கே திரும்புங்கள். ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகக் கடற்கரை வரைக்கும் வளவும் மதிலும்தான். அங்கே ஊரை நீளவைத்தது தெருவல்ல, மணல். கிழக்கே கடல், மேற்கே வயலும் தோணா எனும் நீரோடையும், நடுவில் இருந்த மேட்டு நிலத்தில் ஊர்கள் நிரம்பி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதற்கு ‘கோனர்பேஷன்’ என்று 1915இலேயே நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ் வேறு சொல் செய்துவிட்டார். (அதற்கு இங்கே முன்மொழியப்பட்ட ‘ஊர்க்கோவை’ அழகான சொல்தான். தமிழ்நாட்டு நண்பர்கள் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிடுவார்களே என்பதுதான் கவலை.)

சரியான உதாரணம் வேண்டுமென்றால் சம்மாந்துறைப் பக்கம் வயலை ஊடறுத்துப் போகும் தெருக்களைப் பாருங்கள். போன மாரியில் மழைக்கு ஒதுங்கி ஒரு தேநீர்க் கடையில் இருந்தேன். கை கழுவப் பின்கதவைத் திறந்தால் மூன்று சீமெந்துப் படிகள். நாலாவது படி இருக்க வேண்டிய இடத்தில் சேறு, அதில் ஒரு கொக்கு. கிரவல் மண் கொட்டித் தெரு மட்டத்துக்கு உயர்த்திய காணி அந்தப் பின்சுவரோடு வெட்டினாற்போல முடிந்துவிட்டது. பக்கத்துக் கடையும் அப்படி, அதற்கடுத்ததும் அப்படி. இந்த வரிசையே ஓர் அணைக்கட்டு மாதிரி நிற்பதால் வயல் வெள்ளம் வடிய இடமில்லாமல் கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். “முன்னுக்குத் தெரு, பின்னுக்கு வட்டை. நெடுக இப்படித்தான்” என்றார், தேநீரை ஆற்றியபடி. (வட்டை என்றால் வயல்வெளி.)

சொல் அவர் வாயிலேயே இருக்கிறது. நெடுகுதல் என்றால் நீளுதல். தெருவைப் பிடித்துக்கொண்டு ஊர் நீளும் நிகழ்வு நெடுகல். அப்படி நீண்ட ஊர் நெடுகூர். நெடுகூர் வினைத்தொகை என்பது கூடுதல் இலாபம்: நெடுகிய ஊர், நெடுகுகின்ற ஊர், நெடுகும் ஊர். வளர்வதை நிறுத்தாத ஒன்றுக்கு முக்காலமும் உள்ளடங்கிய பெயர் வேறெங்கே கிடைக்கும்? நாடா, மேலிருந்து வரைபடத்தைப் பார்ப்பவரின் சொல். நெடுகல், தெருவில் நடப்பவரின் சொல்.

> இலங்கைப் பேச்சில் ‘நெடுக’ என்றால் ‘எப்போதும்’ என்றும் பொருள் உண்டே, குழம்பாதா?

குழம்பாது. அது வினையடை, இது பெயர். ‘நெடுக வருவார்’ என்பதைக் கேட்டு யாரும் ஊர்ப் பெருக்கத்தை நினைக்கப்போவதில்லை.

கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் பிறக்கின்றன. கட்டுப்படுத்துவது நெடுகல் தடுப்பு. மாற்றுவழித் தெரு ஒன்றைப் போட்டதும் பழைய தெருவில் பஸ் குறைந்து கடைகள் படுத்துவிடுமே, அது நெடுகல் தேய்வு. ஊர் தெருவோடு போகாமல் பாலத்தோடு போவதையும் இதில் சேர்க்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். மட்டக்களப்பு நகரம் 1924இல் கல்லடிப் பாலம் வந்தபின் அக்கரைக்குக் காலை நீட்டியது வேறு வகை, அது தாவல். சேர்க்க வேண்டாம்.

என்னிடம் சொல்லில்லாமல் நிற்பது அடுத்த கட்டம்தான்: முன்வரிசை முடிந்தபின், பின்னாலிருக்கும் வட்டையையும் நிரப்பிக் குடியேறுவது. பின்+நிரப்பு என்று சேர்த்து ‘பின்னிரப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் இருக்கும் தமிழாசிரியை அதைப் பின்+இரப்பு என்று பிரித்து, “யாருக்குப் பின்னால் போய்ப் பிச்சை எடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.