புதுப்பிப்பு: கடுவன் பூனை வீட்டுக்குள் சிறுநீர் பீய்ச்சுவது நின்றுவிட்டது

ஒன்றரை வயதுக் கடுவன், சோபா, திரைச்சீலை, கதவு மூலை என்று வாலை நிமிர்த்திச் சிறுநீர் பீய்ச்சுகிறான், என்ன செய்வது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தேன் அல்லவா, இப்போது எவ்வளவோ தேவலை. கருத்தடை அறுவை சிகிச்சை செய்தாயிற்று. மறுநாளே நின்றுவிடும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஹார்மோன் குறையச் சில வாரம் ஆகும் என்றார் மருத்துவர், ஐந்தாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது.

அதுவரை கைகொடுத்தது என்சைம் (சிறுநீர் வாடையைச் சிதைக்கும் நொதி) கலந்த கிளீனர். முன்பு சாதாரண சோப்புத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தேன், நமக்கு நாற்றம் போனாலும் அவன் மூக்குக்குப் போகவில்லை, திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தான். அம்மோனியா கலந்த எதையும் பயன்படுத்தாதீர்கள், அதுவே சிறுநீர் மாதிரித்தான் மணக்கும்.

அப்புறம், ஜன்னலுக்கு வெளியே இன்னொரு பூனை தினமும் வந்து உட்காரும். அதைப் பார்த்து இவன் ஜன்னல் பக்கச் சுவரில் பீய்ச்சுவான். கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்ததும் அந்தச் சுவர் நனைவது நின்றது.

ஆரம்பத்தில் திட்டிவிட்டேன், இன்னும் வருத்தமாக இருக்கிறது. பயந்தால் அதிகமாகத்தான் பீய்ச்சுவான், பாவம்.

முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அது வேறு விஷயம், சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம், ஆண் பூனைக்கு உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.