73 பந்துகளில் ஸ்னெல்லை எடுத்தது சரியா? – 2020 உலகத் தொடர், ஆறாவது ஆட்டம்

வங்கக்கரையான்:

பிளேக் ஸ்னெல் என்ற பிட்சரை (பந்து வீசுபவரை) 73 பந்துகளோடு மேலாளர் ஆட்டத்திலிருந்து எடுத்தது சரியா என்று வேறொரு விவாதத்தின் நடுவே கிளம்பிய இந்தப் பேச்சைத் தனியாகவே பேசித் தீர்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2020 அக்டோபர் 27 அன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில் நடந்த ஆட்டம் அது. தொடரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3–2 என்று முன்னே இருந்ததால், அன்று தோற்றால் தம்பா பே ரேஸ் அணிக்கு எல்லாமே முடிந்தது. முதல் இன்னிங்ஸில் ராண்டி அரோசரேனா அடித்த ஹோம் ரன் (மைதான எல்லைக்கு வெளியே போகும் அடி) ரேஸுக்கு 1–0 முன்னிலையைத் தந்தது. அதைக் காத்துக்கொண்டு மவுண்டில், அதாவது பந்து வீசும் மேட்டில், நின்றவர் பிளேக் ஸ்னெல். 5⅓ இன்னிங்ஸ் (இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்), இரண்டே ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் வெளியேறுவது), ஒரு வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கூடக் கிடையாது. டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களான மூக்கி பெட்ஸ், கோரி சீகர், ஜஸ்டின் டர்னர் ஆகியோர் தலா இரண்டு முறை அவரை எதிர்கொண்டு, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பியிருந்தார்கள்.

ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்த பிறகு, ஒன்பதாவது பேட்டரான ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை செல்லும் ஹிட்) எடுத்தார். அவ்வளவுதான். மேலாளர் கெவின் கேஷ் டக்அவுட் படியேறி வந்து, 73 பந்துகளே வீசியிருந்த ஸ்னெல்லிடமிருந்து பந்தை வாங்கி, ரிலீவரான (ஆட்டத்தின் நடுவே மாற்றாக வரும் பிட்சர்) நிக் ஆண்டர்சனிடம் கொடுத்தார். பெட்ஸ் டபுள் (இரண்டாம் பேஸ் வரை செல்லும் ஹிட்) அடித்தார்; கேட்சர் பிடிக்க முடியாதபடி விலகிப்போன வைல்ட் பிட்ச் ஒன்றில் பார்ன்ஸ் ஓடிவந்து ஆட்டம் சமனானது; சீகர் தரையோடு முதல் பேஸ் பக்கம் அடித்த பந்தில் பெட்ஸ் ஹோமைத் தொட்டு 2–1 ஆக்கினார். எட்டாவது இன்னிங்ஸில் பெட்ஸே ஒரு ஹோம் ரன்னும் அடிக்க, 3–1 என்று ஆட்டமும் தொடரும் கையைவிட்டுப் போயின. முன்கூட்டியே எழுதி வைத்த திட்டத்துக்காகக் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததைப் பார்க்க மறுத்த முடிவு என்பதே என் கருத்து.

கணக்குப்பிள்ளை:

முடிவைக் கொண்டு முடிவெடுத்தவரை எடைபோடுவது இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் ஓயாத வழக்கமாகிவிட்டது. கேஷ் பந்தை வாங்கிய அந்த நிமிடத்தில் அவருக்குத் தெரிந்திருந்தவை எவை என்று மட்டும் பார்ப்போம்.

ஒரே பிட்சரை மூன்றாம் முறை எதிர்கொள்ளும்போது பேட்டர்கள் முதல் இரண்டு முறைகளைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்பது பல ஆண்டுகளின் பல்லாயிரக்கணக்கான மோதல்களிலிருந்து பெறப்பட்ட முடிவு. இன்னொன்றையும் கவனியுங்கள்: மூன்றாம் சுற்றுவரை நிற்க விடப்படுவோர் பெரும்பாலும் அன்று நன்றாக வீசிக்கொண்டிருப்பவர்களே. அப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களுக்கும் சரிவு தெரிகிறது என்றால், ‘அன்று அவர் அபாரமாக வீசினார்’ என்ற வாதம் பாதி வலுவை இழந்துவிடுகிறது.

அடுத்து ஸ்னெல். 60 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தச் சீசனில் 11 ஆட்டங்களைத் தொடங்கி வீசியது மொத்தம் 50 இன்னிங்ஸ். எந்த ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸை முடிக்கவில்லை. அதே தொடரின் இரண்டாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அன்றும் ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் விழும்வரை ஒரு ஹிட் கூடக் கொடுக்கவில்லை. பிறகு என்ன நடந்தது? கிறிஸ் டெய்லர் ஹோம் ரன் அடித்தார். மூன்றாம் முறையாக வந்த பெட்ஸுக்கு வாக். மூன்றாம் முறையாக வந்த சீகருக்கு சிங்கிள். கேஷ் ஆண்டர்சனை அழைத்தார், ஆண்டர்சன் டர்னரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், ரேஸ் 6–4 என்று வென்றது. ஆறு நாள் முன்பு வெற்றி தந்த அதே காரியத்தைத்தான் அவர் மறுபடியும் செய்தார். அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

நீலத்தொப்பி:

டாட்ஜர்ஸ் ரசிகன் என்ற முறையில் கெவின் கேஷுக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். அந்த மாற்றத்தைக் கண்டதும் தங்களுக்கு நிம்மதி பிறந்தது என்பதை ஆட்டத்துக்குப் பிறகு பெட்ஸும் மேலாளர் டேவ் ராபர்ட்ஸும் மறைக்கவே இல்லை. எதிரணி டக்அவுட் மகிழ்ந்தது என்ற தகவலுக்குப் புள்ளிவிவர அட்டவணையில் கட்டம் கிடையாது என்றாலும், ஸ்னெல்லின் பந்தை ஆறு முறை வெறும் காற்றில் துழாவியவர்களின் சாட்சியத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது.

முன்னாள் ஷார்ட்ஸ்டாப்:

ஸ்னெல்லைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குச் சிக்கல் ஆண்டர்சனிடம் இருக்கிறது.

வழக்கமான சீசனில் ஆண்டர்சனின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சரின் கணக்கில் சேரும் ரன்களின் சராசரி) 0.55, 16⅓ இன்னிங்ஸில் 26 ஸ்ட்ரைக் அவுட். இதைவிடச் சிறந்த ரிலீவரைக் கேட்பது பேராசை. ஆனால் பிளே-ஆஃப் தொடங்கிய பிறகு வந்தவர் அதே மனிதர் அல்ல. ஆறாவது ஆட்டத்துக்கு முன் அவர் வீசிய கடைசி ஆறு ஆட்டங்களிலும், ஒன்றுகூட விடாமல், ரன் கொடுத்திருந்தார். அன்றைய ஆட்டம் ஏழாவது. பிளே-ஆஃப் முழுவதையும் கூட்டினால் அவர் வீசியது 14⅔ இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 5.52. இரண்டு மாதங்களுக்கு மேல் பரவிய வழக்கமான சீசனில் வீசிய அளவுக்கு ஏறக்குறையச் சமமான சுமையை ஒரே மாதத்துக்குள், அதுவும் ஒவ்வொரு பந்தும் உயிர்போகும் ஆட்டங்களில் சுமந்தார். கணக்குப்பிள்ளை அவர்கள் சான்றாகக் காட்டும் இரண்டாவது ஆட்டத்திலேயே, டர்னரை வீழ்த்திய பிறகு தொடர்ந்து வீசிய ஆண்டர்சன் அடுத்த இன்னிங்ஸில் ஹோம் ரன் ஒன்றைக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு முடிவுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு: போகிறவர் யார், வருகிறவர் யார். போகிறவருக்குப் பல ஆண்டுகளின் சராசரியைப் பார்த்தார்கள். வருகிறவருக்கு அவருடைய சிறந்த நாள்களின் சராசரியைப் பார்த்தார்கள். புள்ளிவிவரத்தை நம்பியதை நான் குறை சொல்லவில்லை. பாதியை மட்டும் நம்பியதைத்தான் சொல்கிறேன்.

2020இல் அறிமுகமான விதி ஒன்றும் இங்கே முக்கியம். புதிதாக வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்கு வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். ஆகவே வலக்கை பேட்டரான பெட்ஸுக்கு மட்டும் வலக்கையரான ஆண்டர்சனைக் கொண்டுவந்து, இடக்கை பேட்டரான சீகருக்கு உடனே இன்னொருவரை மாற்றும் பழைய வித்தை (தன் கைப்பக்கப் பிட்சரிடம் பேட்டர் பொதுவாகத் திணறுவார்) செல்லாது. பெட்ஸை வீழ்த்தினாலும் சீகருக்கும் ஆண்டர்சனே வீசியாக வேண்டும். அந்தத் தொடரின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வான சீகருக்கு இடக்கையரான ஸ்னெல்லை எடுத்துவிட்டு வலக்கையரைப் பரிசளித்தது எந்தக் கணக்கு?

கணக்குப்பிள்ளை:

ஆண்டர்சனைப் பற்றிய வாதத்துக்கு எடை உண்டு, ஆனால் ஆறு ஆட்டங்கள் என்பது மிகச் சிறிய மாதிரி. ‘ஒவ்வொரு ஆட்டத்திலும் ரன் கொடுத்தார்’ என்பது காதில் பெரிதாக ஒலிக்கும்; நடைமுறையில் ஒரு மோசமான பந்து ஹோம் ரன்னாகப் போனாலும், முந்தைய பிட்சர் விட்டுச்சென்ற நெருக்கடியில் ஒரு சிங்கிள் விழுந்தாலும் அந்தப் பட்டியல் நீளும்.

மாறாக, பிட்சரை விட்டுவைத்த மேலாளர்களின் கதி என்ன ஆயிற்று என்று பாருங்கள். 2003 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 5–2 முன்னிலையோடு எட்டாவது இன்னிங்ஸில் களைத்து நின்ற பெட்ரோ மார்டினெஸை பாஸ்டன் ரெட் சாக்ஸ் மேலாளர் கிரேடி லிட்டில் எடுக்க மறுத்தார். யாங்கீஸ் அந்த இன்னிங்ஸிலேயே சமன்செய்தது, 11ஆவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரன்னால் வென்றது, லிட்டிலின் வேலையும் போயிற்று. 2015 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் நியூயார்க் மெட்ஸ் 2–0 என்று முன்னே இருந்தபோது, தானே ஒன்பதாவது இன்னிங்ஸையும் வீசுவதாக மாட் ஹார்வி அடம்பிடிக்க, மேலாளர் டெர்ரி காலின்ஸ் மனமிரங்கினார். ஒரு வாக், ஒரு டபுள். ஆட்டம் சமனாகி, 12ஆவது இன்னிங்ஸில் கேன்சஸ் சிட்டி கோப்பையை எடுத்துச் சென்றது. அந்த இரண்டு நாள்களிலும் ‘கண்ணால் பார்த்து’ முடிவெடுத்த மேலாளரைத்தான் ஊரே திட்டியது.

வங்கக்கரையான்:

அந்த இரண்டும் இந்த வழக்குக்குப் பொருந்தாத சாட்சிகள். ஏழு இன்னிங்ஸில் நூறு பந்துகளை வீசிவிட்டு எட்டாவதுக்கு வந்த பெட்ரோவையும், ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழைந்த ஹார்வியையும், 73 பந்துகளே வீசியிருந்தவரோடு எப்படி ஒப்பிடுவது? சமீபத்திய ஒப்பீடு வேண்டுமென்றால் 2019 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் இருக்கிறது. ஹூஸ்டன் 2–1 என்று முன்னே இருந்தபோது, ஒரு ஹோம் ரன்னும் ஒரு வாக்கும் கொடுத்தார் என்பதற்காக, 80 பந்துகளே வீசியிருந்த சாக் கிரைங்கியை எடுத்தார்கள். வந்த வில் ஹாரிஸின் பந்தை ஹோவி கென்ட்ரிக் வலது மூலையின் ஃபவுல் கம்பத்தில் மோதும்படி ஹோம் ரன் அடிக்க, வாஷிங்டன் கோப்பையை வென்றது. அது நடந்து ஓராண்டு கூட ஆகவில்லை.

மூன்றாம் சுற்றுச் சரிவு என்பதைப் பத்தொன்பதாவது பேட்டர் வந்ததும் திடீரென்று இறங்கும் படிக்கட்டாகக் கற்பனை செய்வதும் தவறு. இதைப் பின்னர் ஆராய்ந்த புள்ளியியலாளர்கள் சிலர், பிட்சரின் திறன் ஆட்டம் முழுக்கச் சிறுகச் சிறுகக் குறைகிறது, சுற்று மாறும் இடத்தில் தனியாக ஒரு பள்ளம் இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். பார்ன்ஸ் ஸ்னெல் எதிர்கொண்ட பதினெட்டாவது பேட்டர். பெட்ஸ் பத்தொன்பதாவது. பதினெட்டாமவருக்கு வீசத் தகுதியானவர் அடுத்தவருக்கு எப்படித் தகுதியற்றவர் ஆனார்?

ஸ்னெல் ஆறு இன்னிங்ஸை முடிக்கவே இல்லை என்ற கணக்கிலும் ஒரு வட்டம் இருக்கிறது. நீண்ட நேரம் வீச அணி அவரை விடுவதில்லை. பிறகு நீண்ட நேரம் வீசியதில்லை என்பதையே காரணமாகக் காட்டி எடுத்துவிடுகிறது. 2018இல் 21 வெற்றியும் 1.89 ஈ.ஆர்.ஏ.வும் காட்டி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர் அவர். 2024 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவுக்காக சின்சினாட்டிக்கு எதிராக 114 பந்துகளில் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார். 2025 பிளே-ஆஃபில் மில்வாக்கிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரே ஒரு ஹிட் கொடுத்தார்.

நீலத்தொப்பி:

அந்த 2025 ஆட்டத்தில் அவர் அணிந்திருந்தது டாட்ஜர்ஸ் சட்டை என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

2024இல் அவர் வீசிய நோ-ஹிட்டர்தான் அவருடைய வாழ்க்கையின் முதல் முழு ஆட்டம் (தொடக்கம் முதல் முடிவுவரை தானே வீசியது). அறிமுகமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. 2023இல் சான் டியாகோவுக்காக இரண்டாவது சை யங் வென்ற சீசனிலேயே 99 வாக் கொடுத்தவர். பந்துகளைத் தாராளமாகச் செலவழித்து, சீக்கிரம் களைத்துப்போகும் பிட்சர் என்ற மதிப்பீட்டை ரேஸ் காற்றிலிருந்து பிடிக்கவில்லை.

ரேஸ் வென்ற விதத்தையும் மறக்கலாகாது. சம்பளப் பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும் அந்த அணி, 2018 மே மாதத்தில் செர்ஜியோ ரோமோ என்ற ரிலீவரை ஆட்டத்தைத் தொடங்கவைத்து ‘ஓப்பனர்’ முறையை மீண்டும் உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 2020இல் 40 வெற்றி, 20 தோல்வி என்ற கணக்கோடு அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்தது. கேஷுக்கு அந்த ஆண்டின் சிறந்த மேலாளர் விருது கிடைத்ததும் அதே வழிமுறைக்காகத்தான். மறு ஆண்டு நூறு ஆட்டங்கள் வென்றார்கள். ஏணியாக இருந்த முறையை இறுதி மேடையில் உதறிவிட வேண்டும் என்றால், எந்த நாளில், யாருடைய உள்ளுணர்வை நம்பி? டாட்ஜர்ஸும் அன்று ஏழு பிட்சர்களைப் பயன்படுத்தி, தங்கள் ஸ்டார்ட்டர் டோனி கான்சொலினை இரண்டாவது இன்னிங்ஸிலேயே எடுத்தது. அரோசரேனாவுக்குப் பிறகு ரேஸ் ஒரு ரன் கூட எடுக்கவில்லை. பேட்டிங்கின் தோல்வியை ஒரு மாற்றத்தின் தலையில் கட்டுகிறோம்.

சரி, நீங்கள் மேலாளராக இருந்திருந்தால் பெட்ஸுக்கு யாரைக் கொண்டுவந்திருப்பீர்கள்?

முன்னாள் ஷார்ட்ஸ்டாப்:

யாரையும் இல்லை. பெட்ஸுக்கும் சீகருக்கும் ஸ்னெல். டர்னர் வரும்போது வேண்டுமானால் ரேஸின் இன்னொரு ரிலீவரான டியேகோ காஸ்டிலோ. பெட்ஸ் அந்தச் சீசனில் வலக்கைப் பிட்சர்களைத்தான் வெளுத்து வாங்கினார், இடக்கையரிடம் திணறினார். பேஸ்பாலில் ஒருமுறை வெளியே எடுத்த பிட்சரைக் கிரிக்கெட்டில் போல இன்னொரு ஸ்பெல்லுக்குத் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே நன்றாக வீசுபவரை எடுப்பதற்கான ஆதாரம் வலுவானதாக இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை:

60 ஆட்டச் சீசனில் பெட்ஸ் இடக்கையரிடம் திணறியதை நம்புகிறீர்கள். ஆண்டர்சனின் ஆறு ஆட்டங்களை நம்புகிறீர்கள். ஸ்னெல்லின் மூன்றாம் சுற்றுக் கணக்கு மட்டும் போதுமான அளவில்லாத மாதிரியாகவும் வட்டமான வாதமாகவும் ஆகிவிடுகிறது. மூன்றுமே சிறிய மாதிரிகள்தாம்; உங்களுக்கு உதவும் இரண்டை வைத்துக்கொண்டு உதவாத ஒன்றைத் தள்ளுகிறீர்கள்.

வங்கக்கரையான்:

பெட்ஸின் கணக்கை வேண்டுமானால் தள்ளிவிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆண்டர்சனின் கணக்கு வேறு வகை. பேட்டர் ஒருவர் பத்து நாள் திணறுவது தற்செயலாக இருக்கலாம். ஒரு மாதத்தில் ஒரு சீசனின் சுமையைத் தூக்கிய கை களைப்பது உடலின் இயல்பு. சீசனில் பேட்டர்களைத் திணறடித்த பந்தை அக்டோபரில் மட்டை எளிதாகத் தொட்டதும், ஸ்ட்ரைக் அவுட்கள் அருகிப்போனதும் ரன் கணக்கைப் பார்க்காமலே தெரிந்த அறிகுறிகள். 2021 மார்ச்சில் அவருடைய முழங்கைத் தசைநாரில் பகுதிக் கிழிசல் இருப்பதாகக் கண்டறியப்பட்டு, அந்தச் சீசனின் பெரும்பகுதியை அவர் இழந்தார். ஸ்னெல்லை அதற்குள் சான் டியாகோ அணிக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.