ராக் ஆல்பம் முழுசா கேக்கணும், இறால் பண்ணை நைட் டூட்டிக்கு எது சரிப்படும்?

உச்சிப்புளி தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். தேவிபட்டினம் பக்கம் ஒரு இறால் பண்ணையில நைட் டூட்டி பாக்குறேன். வனாமி இறால் விட்டுருக்கோம், ராத்திரி ஆனா குளத்துல ஆக்சிஜன் இறங்கிரும்ங்கிறதால விடியிற வரைக்கும் ஏரேட்டர், அதான் தண்ணியில காத்தைக் கலக்குற மோட்டார், ஓடிக்கிட்டே இருக்கணும், கரண்டு போச்சுன்னா ஓடிப்போயி ஜெனரேட்டர் போடணும், அதுக்காக முழிச்சுக் கெடக்குற வேலைதான். ராஜா, ரஹ்மான் எல்லாம் தேஞ்சு போற அளவுக்கு கேட்டாச்சு. இப்ப ரீல்ஸ்ல ராக் கிட்டார் துண்டு துண்டா வருது, கேட்டா ஒடம்பு புல்லரிக்குது, ஆனா அது எந்த பாட்டு எந்த ஆல்பம்னு ஒண்ணும் பிடிபடல. கூகுள்ல தேடுனா நூறு ஆல்பம் ஐநூறு ஆல்பம்னு லிஸ்ட் தர்றான், அது வேணாம். உங்க வீட்டு அலமாரியில இருக்குறதுல இன்னும் நீங்க எடுத்துப் போட்டு கேக்குறது எது, அத சொல்லுங்க. முதல் பாட்டுல இருந்து கடைசி வரைக்கும் கேக்குற மாதிரி இருக்கணும்.

ஒரு விஷயம், ரெண்டு காதுலயும் இயர்போன் மாட்ட முடியாது. மோட்டார் சத்தம் நின்னா எனக்கு தெரியணும்ல, அதனால ஒரு காது மட்டும்தான்.

கீழக்கரை காக்கா:

தம்பி, ஒத்தக் காதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் எல்லாமே இருக்கு. மொதல்ல செல்லுல செட்டிங்ஸ் போயி ஆக்சசிபிலிட்டிக்குள்ள மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், ரெண்டு பக்க சத்தத்தையும் ஒண்ணா சேத்துத் தரும், அத ஆன் பண்ணுங்க. இல்லாட்டி பாதிப் பாட்டுதான் கேக்கும். பீட்டில்ஸோட 66, 67ல வந்த ஸ்டீரியோ ரெக்கார்டு எல்லாம் பல பாட்டுல குரல் ஒரு பக்கம் வாத்தியம் ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சுருப்பாங்க, நீங்க தப்பான காதுல மாட்டிட்டு பாடுறவன் எங்கடான்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

நான் துபாய்ல இருந்த காலத்துல சேத்ததுதான் பூராவும், கேசட்டுதான் ஜாஸ்தி. அங்க சந்தையில மலிவா வித்த காப்பி கேசட்டும் உண்டு, அதுல பக்கம் முடியிறப்ப பாட்டு நடுவுலயே கட் ஆகிரும், அதுவே எனக்குப் பழகிப்போயி இப்ப ஒழுங்கான பதிப்பு கேட்டா அந்த எடத்துல மனசு திக்குன்னு நிக்கும். நம்ம ஊரு உப்புக்காத்துல கேசட்டு காப்பாத்துறது லேசுப்பட்ட வேலையில்ல. டேப்பை ஹெட்டோட அமுக்குற சின்ன பஞ்சு இருக்குல்ல, அதுக்கு அடியில இருக்குற தகடு பச்சை பூத்துரும், பஞ்சு கழண்டு விழுந்துரும், அப்புறம் பாட்டு தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மங்கிக் கேக்கும். வேற ஒரு செத்த கேசட்டுல இருந்து அந்த தகட்டை எடுத்து மாத்துனா பழையபடி வந்துரும். வீட்டுல உம்மா எப்பவும் சத்தம் போடும், இது என்ன ஆஸ்பத்திரியாடான்னு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஏரேட்டர் சத்தத்தோட போட்டி போடணும்னா உங்களுக்கு மொத ஆல்பம் ஏசி/டிசி, பேக் இன் பிளாக், 1980. கண்ண மூடிட்டு எடுங்க. அவங்க பாடகர் பான் ஸ்காட் அந்த வருஷம் பிப்ரவரியில செத்துப் போனாரு, புதுசா பிரையன் ஜான்சன்னு ஒருத்தரை எடுத்து பஹாமாஸ் தீவுல போயி ரெக்கார்டு பண்ணி ஜூலையிலயே ஆல்பத்தை எறக்கிட்டாங்க. அட்டை பூரா கருப்பு, அது செத்தவருக்கு துக்கம். மொத பாட்டே மணி அடிச்சுதான் ஆரம்பிக்கும். கிட்டார் ரெண்டும் எங்க அடிக்கணும் எங்க சும்மா இருக்கணும்னு தெரிஞ்சு அடிக்கும், அந்த இடைவெளிதான் அந்த ஆல்பத்தோட பலம், அதனாலதான் எம்புட்டு இரைச்சல்லயும் கொழம்பாம தெளிவா கேக்குது.

ரெண்டாவது டீப் பர்பிள், மெஷின் ஹெட், 1972. சுவிட்சர்லாந்துல மோன்ட்ரோங்கிற ஊர்ல ஏரிக்கரையில ஒரு கேசினோவுல ரெக்கார்டு பண்ணலாம்னு போனாங்க, அங்க 71 டிசம்பர்ல ஃபிராங்க் ஸாப்பா கச்சேரி நடக்கையில எவனோ கூட்டத்துல இருந்து ஃபிளேர் கன்ன சுட்டு கட்டடமே எரிஞ்சு போச்சு. புகை அப்படியே ஏரி மேல படர்ந்து கெடந்ததைப் பாத்து எழுதுனதுதான் ஸ்மோக் ஆன் தி வாட்டர். அப்புறம் மூடிக் கெடந்த ஒரு ஹோட்டல் வராண்டாவுல மெத்தையெல்லாம் சாத்தி வச்சு, ரோலிங் ஸ்டோன்ஸோட ரெக்கார்டிங் வண்டிய வாசல்ல நிப்பாட்டி வாசிச்சு முடிச்சாங்க. ஆனா அந்த ஒரு பாட்டுக்காக மட்டும் கேக்காதீங்க, ஹைவே ஸ்டார்ல ஆர்கனும் கிட்டாரும் ஓடுற ஓட்டம் இருக்கே, தூக்கம் எங்கிட்டு வரும்.

பிங்க் ஃபிளாய்டு பண்ணைக்கு வேணாம். அதுல பாதி மெல்லிசா போகும், ஏரேட்டர் சாப்புட்டுரும்.

மண்டபம் டீச்சர்:

காக்கா சொன்னது எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் ஒத்துக்க மாட்டேன். தம்பிக்கு வீக்லி ஆஃப்னு ஒண்ணு இருக்கும்ல? அன்னைக்கு வீட்டுல லைட்டை அணைச்சுட்டு, ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு, மோனோவை ஆஃப் பண்ணிட்டு ஃபிளாய்டோட டார்க் சைட் ஆஃப் தி மூன் கேளுங்க, 1973. முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பாட்டுக்குப் பாட்டு ஒட்டிக்கிட்டே போறதால ஆப்ல ஷஃபிள் இருந்தா நிறுத்திருங்க, நடுவுல விளம்பரம் வந்தாலும் போச்சு, முடிஞ்சா டவுன்லோடு பண்ணியே கேளுங்க.

அதுல மணின்னு (Money, பணம்) ஒரு பாட்டு, சில்லறை, கல்லாப்பெட்டி, பேப்பர் கிழியிற சத்தம் எல்லாத்தையும் டேப்ல வெட்டி ஒட்டி வளையமா ஓட விட்டு அதையே தாளமா வச்சுருப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க ஏழு, நம்ம மிஸ்ர சாப்பு. பாட்டு கத்துக்கிட்ட புள்ளைகளுக்கு நான் இதப் போட்டுக் காட்டி தட்டச் சொல்லுவேன், மொதல்ல தடுமாறும், அப்புறம் கப்புன்னு புடிச்சுக்கும். கிட்டார் சோலோ வர்றப்ப நாலுக்கு மாறிட்டு மறுபடி ஏழுக்கு வரும், அந்தத் திருப்பத்துல விடாம தட்டுனா நீங்க பாஸ். அதுக்கு முந்தின பாட்டுல கிளேர் டோரின்னு ஒரு பொண்ணு வார்த்தையே இல்லாம ஆலாபனை மாதிரி கதறும். அந்த ராத்திரி வேலைக்கு அவங்களுக்குக் கொடுத்தது வெறும் 30 பவுண்டு! பின்னாடி கோர்ட்டுக்குப் போயி, 2005ல சமாதானம் ஆகி, இப்ப பாட்டு எழுதுனவங்க வரிசையில அவங்க பேரும் இருக்கு. லேட்டானாலும் வாங்கிட்டாங்க.

பண்ணைக்குன்னா நான் சொல்றது ஃபிளீட்வுட் மேக், ரூமர்ஸ், 1977. இது வேற மாதிரி ராக், கத்தாது. பேண்டுல அஞ்சு பேரு. அதுல ஒரு புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சுட்டாங்க, இன்னொரு ஜோடி காதல் முறிஞ்சு போச்சு, டிரம்ஸ் அடிக்கிறவருக்கும் வீட்டுல அதே கதைதான், ஆனா யாரும் பேண்டை விட்டுப் போகல. சண்டை போட்டுப் பாகம் பிரிச்ச வீட்டுல ஒரே அடுப்புல சமைக்கிறாப்புல ஒரே ஸ்டுடியோவுல உக்காந்து, ஒருத்தரை ஒருத்தர் குத்திப் பாட்டு எழுதி, குத்து வாங்குன ஆளே அதுக்குப் பின்பாட்டும் பாடியிருக்காங்க. அந்தக் காதல் முறிஞ்ச ஜோடியில பையன் எழுதுனது கோ யுவர் ஓன் வே, பொண்ணு எழுதுனது டிரீம்ஸ், ரெண்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேளுங்க, பஞ்சாயத்து புரியும். தி செயின் பாட்டு மட்டும் அஞ்சு பேரு பேரும் போட்டது, அதுல கடைசிப் பக்கம் எல்லாம் அடங்கி பேஸ் கிட்டார் தனியா எழும்பி வரும், ஒத்தக் காதுலயும் அது தப்பாது.

பாம்பன் லாஞ்சுக்காரன்:

டீச்சர் கோச்சுக்காதீங்க, ஃபிளாய்டு கேட்டா எனக்கு கொட்டாவிதான் வருது. நம்மள மாதிரி ஆளுக்கு ஐயன் மெய்டன்தான்.

நாங்க கடலுக்குப் போறப்ப பாட்டு கேக்குறது எல்லாம் கிடையாது, இன்ஜின் சத்தத்துல பேசுறதே கேக்காது, கொஞ்சம் தள்ளிப் போனா செல்லு இலங்கை டவரைப் புடிச்சுக்கும், நெட்டும் போயிரும். நான் கேக்குறது மீன்பிடி தடைக்காலத்துலதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு லாஞ்சு கரையில, அப்பதான் மராமத்து பாப்போம், பழைய பெயிண்டை சுரண்டி, பலகை சந்துல அடைச்சு, அடிக்கு பெயிண்டு பூசி. அந்த வேலைக்கு பக்கத்துல ஸ்பீக்கரை வச்சுட்டு பவர்ஸ்லேவ் ஆல்பத்தைப் போட்டா சுரண்டுற கை தானா வேகம் புடிக்கும். 1984ல வந்தது. மொத பாட்டு ஏசஸ் ஹை, ஏரோப்பிளேன் சண்டை, செம ஸ்பீடு.

ஆனா அதுக்காக சொல்லல, கடைசிப் பாட்டுக்காக சொல்றேன். பதிமூணு நிமிஷத்துக்கு மேல ஓடும். 1798ல கோல்ரிட்ஜ்னு ஒரு கவிஞர் எழுதுன கவிதைய எடுத்து பாட்டா போட்டது. கப்பல்காரன் ஒருத்தன் சும்மா கெடந்த ஆல்பட்ராஸ்ங்கிற கடல் பறவைய அம்பு விட்டுக் கொல்லுவான். அதோட காத்து நின்னு போயிரும். வாடையும் இல்ல கச்சானும் இல்ல, கப்பல் அசையாது, சுத்தி அம்புட்டு தண்ணி, குடிக்க ஒரு சொட்டு கெடையாது. கூட வந்தவன் எல்லாம் ஒவ்வொருத்தனா செத்து விழுவான், இவன் மட்டும் சாக மாட்டான். பாட்டு நடுவுல வாத்தியமெல்லாம் மெல்ல அடங்கி கப்பல் மரம் கிறீச் கிறீச்சுன்னு முனகுற சத்தம் கேக்கும் பாருங்க, எனக்கு இங்கிலீஷ் அரைகொறைதான், கதைய மகதான் படிச்சு சொன்னா, ஆனா அந்த சத்தத்துக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்ல. எங்க அப்பாவும் அதக் கேட்டுட்டு திரும்பிப் பாத்தாரு, அவருக்கு மத்தபடி இந்தப் பாட்டெல்லாம் ஆகாது.

கடல் வேணும்னா தி ஹூ பேண்டோட குவாட்ரோஃபீனியா, 1973, அதுவும் அலைச் சத்தத்துலதான் ஆரம்பிக்கும். ரெட்டை எல்பி, நீளம் ஜாஸ்தி, எனக்கு பாதிக்கு மேல பொறுமை இல்ல.

உச்சிப்புளி தம்பி:

அண்ணே, காக்கா, டீச்சர், எல்லாருக்கும் தேங்க்ஸ். மோனோ போட்டதுமே வித்தியாசம் தெரிஞ்சுச்சு. பேக் இன் பிளாக் ஓடிக்கிட்டு இருக்கு, ஒரே ராத்திரியில திரும்பத் திரும்ப போட்டாச்சு. ரூமர்ஸ்ல டிரீம்ஸ் பாட்டுல அந்தப் பொண்ணு குரல் என்னமோ பண்ணுது. பர்பிள்ல ஆர்கன் மட்டும் ஏரேட்டரோட கலந்துருது காக்கா, வீட்டுல வச்சுதான் கேக்கணும்.

ஒரே பிரச்சினை, வார்த்தை ஒண்ணும் புரியல. நம்ம பக்கத்து பாஷையில இந்த மாதிரி யாரும் முழு ஆல்பமா போடலையா?

தொண்டி ட்ரம்ஸ்:

போடாம என்ன. ஆனா மொதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன், வார்த்தை புரியலைன்னு விட்டுராதீங்க, ராக்குல பாதிக்கு மேல அவங்க ஊர்க்காரனுக்கே புரியாது.

அதுக்கு சாட்சி இந்தியன் ஓஷன் பேண்டோட கண்டிசா, 2000. டெல்லிக்காரங்க. அதுல கண்டிசாங்கிற பாட்டு கேரளாவுல சுரியானிக் கிறிஸ்தவங்க பாடுற பழைய அரமேயிக் துதி, அத எடுத்து கிட்டார், தபலாவோட போட்டுருக்காங்க. வாசிக்கிறவங்களுக்கும் தாய்மொழி இல்ல, கேக்குறவங்களுக்கும் இல்ல, ஆனா எந்த கச்சேரியிலயும் ஜனம் அதத்தான் கேக்கும். பேஸ் கிட்டார் உருட்டு அருமையா இருக்கும், ஒத்தக் காதுக்கு தோதானது.

அப்புறம் கொச்சிக்காரங்க மதர்ஜேன், மக்தூப், 2008. இங்கிலீஷ்லதான் பாடுறாங்க, ஆனா கிட்டார்ல பைஜு தர்மஜன் கமகம் இழுப்பாரு பாருங்க, கம்பியில நாதஸ்வரம் ஊதுன மாதிரி இருக்கும். அதே 2008ல அவியல் பேண்டு மலையாளத்துலயே ஒரு ஆல்பம் போட்டாங்க, நாட்டுப்பாட்டு எடுத்து முறுக்கி அடிச்சுருப்பாங்க, இது உங்க பண்ணைக்கு கட்டாயம் ஒத்து வரும், டிரம்ஸ் எடம் விடாது. கர்நாடக சங்கீதம் காதுல ஊறுனவங்கன்னா பெங்களூரு அகம் பேண்டு, தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ், 2012. எனக்கு அதுல ஸ்வரம் கொஞ்சம் ஓவராத் தெரியும், டீச்சருக்குப் புடிக்கும்.

தமிழ்ல வார்த்தை வேணும்னா தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018ல சென்னையில மேடை ஏறுனாங்க, கானா, ராப், ராக் மூணும் ஒரே அடியில. சட்டியும் பறையும் டிரம்ஸோட சேர்ந்து வர்றப்ப என்ன பாடுறாங்கன்னு ஒரு வார்த்தை விடாமப் புரியும், புரிஞ்சா உறைக்கும். ராத்திரி தூக்கம் கலையிறதுக்கு மெய்டனைவிட இது மேல்.

கீழக்கரை காக்கா:

தொண்டிக்காரரு சொன்ன மதர்ஜேன் எங்கிட்டயும் சிடியா இருக்கு, நல்ல கை அது.

கை பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு விட்டுப்போச்சு, பிளாக் சாபத். கிட்டார் டோனி அயோமி பர்மிங்ஹாம்ல தகடு வெட்டுற ஃபேக்டரியில வேலை பாத்தவரு, கடைசி நாள் டூட்டியில மெஷின்ல சிக்கி வலது கையில நடுவெரல், மோதிர வெரல் ரெண்டுலயும் நுனி போயிருச்சு. அவரு இடதுகைக்காரரு, அப்ப கம்பிய அமுக்குறது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி வெரலுக்கு தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு, மெல்லிசு கம்பி போட்டு வாசிச்சாரு. அப்புறம் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி, 1971, அதுல கம்பியோட விறைப்பை எறக்கியே டியூன் பண்ணுனாரு, வெரலுக்கு சொகமா இருக்கட்டும்னு. அந்த எறக்கத்துலதான் ஹெவி மெட்டலோட கனம் வந்துச்சு. அத மூணாவதா வச்சுக்கங்க. ஏரேட்டருக்கும் கீழ இருந்து வர்ற சத்தம் அது, மோதாது.

கேசட்டா கேட்டுப் பாக்கணும்னா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வாங்க. டெக் ஒண்ணுதான் ஓடுது, அதுக்கும் பெல்ட் தளர்ந்துருச்சு, ராம்நாட்டுல பழைய டேப்பு ரிப்பேர் பண்ற கடை எதுவும் இன்னும் இருந்தா யாராவது சொல்லுங்க.