பொய் நிச்சயதார்த்தமும் பழைய காதலும்: சிற்றூர் நாவல்கள் ஏன் இப்படி இழுக்கின்றன?

கேள்வி (மாலைவாசிப்பு)

அமெரிக்காவில் இன்று எழுதப்படும் சிற்றூர்க் காதல் நாவல்களில் ஒரே ஒரு கதையமைப்பை மட்டும் நான் தேடித்தேடிப் படிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இருவரில் ஒருவர் சொந்த ஊருக்குத் திரும்புகிறார். பாட்டியின் உடல்நிலை, பூர்விகச் சொத்து, தங்கையின் திருமணம் என்று ஏதோ ஒரு நெருக்கடி அவர்களைச் சேர்த்து நிறுத்த, தமக்குள் நிச்சயமாகிவிட்டதாக இருவரும் ஊருக்கு முன் நடிக்க ஒப்புக்கொள்கிறார்கள். அந்த நடிப்பு எங்கே போய் முடியும் என்பது முதல் அத்தியாயத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. மனநிறைவும் நம்பிக்கையும் தரும் முடிவு இருந்தாக வேண்டும் என்பதை அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம் இவ்வகை எழுத்தின் இலக்கணமாகவே வகுத்திருக்கிறது.

முடிவு தெரிந்த கதையில் நம்மைப் பிடித்துவைப்பது எது? இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். இதே கதை பெருநகரத்தில் நடந்தால் எனக்குச் சப்பென்று இருக்கிறது. பொய் நிச்சயம், முறிந்த காதல், சிறிய ஊர் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தேடுவதற்கு உண்மையான காரணம் உண்டா, அல்லது பதிப்பாளர்கள் பழக்கிவிட்ட சுவைதானா?

பதில் (ஏட்டுச்சுவடி)

காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். நிச்சயதார்த்தம் என்பது இருவருக்கு இடையிலான ஏற்பாடு மட்டுமன்று. பார்ப்பவர்கள் இருந்தால்தான் அது நிச்சயதார்த்தம். பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்பில் இருவர் மோதிரம் மாற்றிக்கொண்டு மறுமாதம் கழற்றி வைத்தால், அதை யாரும் கேட்கப்போவதில்லை. சிறிய ஊரில் அஞ்சலகத்தில் இருப்பவருக்கும், காலைச் சிற்றுண்டிக் கடைக்காரருக்கும், ஞாயிறு வழிபாட்டில் பக்கத்து இருக்கையில் அமர்பவருக்கும் அந்த மோதிரத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். அவர்கள் அனைவரும் நம்ப வேண்டும் என்பதாலேயே அவன் அவள் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அவள் அவனுக்குப் பிடித்த உணவை நினைவுவைத்துப் பரிமாற வேண்டியிருக்கிறது. தானாகச் செய்யத் தயங்கும் அன்பை, பிறருக்காகச் செய்கிறேன் என்ற சாக்கில் செய்துகொள்ளும் அனுமதியை அந்தப் பொய் தருகிறது. நம்மைப் பிடித்துவைப்பது அந்த அனுமதிதான். கைபிடித்தது எந்த நொடியில் நடிப்பாக இல்லாமல் போனது என்பதை அவர்களுக்கு முன்பாக நாம் கண்டுபிடித்துவிடுகிறோம்; அவர்களும் கண்டுகொள்ளும்வரை காத்திருக்கிறோம்.

வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் திருமண வாக்குறுதியை மீறியவர்மீது இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க 1970ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வழியிருந்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் 1935இல் அத்தகைய வழக்குகளை ஒழித்தது. வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. சட்டம் விலகிக்கொண்ட பிறகு, நிச்சயத்தை முறிப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்று வாசகரை நம்பவைக்க நாவலாசிரியருக்கு வேறு ஏதாவது தேவைப்படுகிறது. ஊராரின் பார்வை அந்த இடத்தை நிரப்புகிறது என்பது என் கருத்து.

நகரத்தில் இது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஜார்ஜெட் ஹேயரின் ‘கோட்டிலியன்’ (1953) நாவலில் கிட்டி என்ற பெண் ஃப்ரெடியை இணங்கவைத்து, பொய் நிச்சயத்தின் துணையோடு லண்டனுக்குப் போகிறாள். ஆனால் அந்த லண்டன், ஒருவரையொருவர் அறிந்த மேட்டுக்குடிக் குடும்பங்கள் மட்டுமே நடமாடும் லண்டன். அளவில் அதுவும் ஒரு சிற்றூர்தான்.

பதில் (கரைமேல்நடை)

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். ஆயினும் இந்த மூன்றும் சேரும் இடத்தைக் காண, இன்றைய நாவல்களைவிட ஜேன் ஆஸ்டினின் ‘பர்சுவேஷன்’ அதிகம் உதவும் என்று நம்புகிறேன். 1817ஆம் ஆண்டின் இறுதியில், ஆசிரியர் மறைந்த பிறகு வெளிவந்த நூல் அது. 19 வயதில் ஆன் எலியட், வசதியற்ற கடற்படை அதிகாரி வென்ட்வர்த்துடன் செய்துகொண்ட நிச்சயத்தை, தாயின் இடத்தில் இருந்த லேடி ரஸ்ஸலின் அறிவுரையால் முறித்துக்கொள்கிறாள். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, போரில் பிடித்த கப்பல்களின் பரிசுப் பணத்தால் செல்வந்தராகி அவர் அதே வட்டாரத்துக்கு வருகிறார். ஒரே விருந்து மேசையில் இருவரும் அமர நேர்கிறது. ஆன் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டாள் என்று அவர் யாரிடமோ சொன்னது, அவளுடைய தங்கை வாய்வழியாக அவளிடமே வந்து சேர்கிறது. சிறிய வட்டாரத்தில் எந்தச் சொல்லும் உரியவரை எட்டாமல் போவதில்லை.

பொய் நிச்சயமும் இங்கே உண்டு, ஆனால் அதை யாரும் திட்டமிடவில்லை. வென்ட்வர்த் அவ்வட்டாரத்து இளம்பெண் லூயிசாவுடன் நெருங்கிப் பழகியதைப் பார்த்த நண்பர்கள், அவருக்கும் அவளுக்கும் நிச்சயமாகிவிட்டதாகவே எண்ணத் தொடங்குகிறார்கள். லைம் நகரில் அவள் கீழே விழுந்து அடிபட்ட பிறகுதான், நண்பர் ஹார்வில் தம்மை நிச்சயமான மனிதராகக் கருதுகிறார் என்பது அவருக்குப் புலப்படுகிறது. தாம் கொடுக்காத வாக்குக்குக் கட்டுப்பட்டவராக, அந்தப் பேச்சு தணியட்டும் என்று ஷ்ராப்ஷயரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்க் காத்திருக்கிறார். லூயிசா வேறொருவரை மணக்கச் சம்மதித்தபோதுதான் விடுதலை கிடைக்கிறது. சுற்றியுள்ளவர்களின் நம்பிக்கையே ஒருவரைக் கட்டிப்போட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை. இன்றைய நாவல்கள் அதே விசையை எதிர்த்திசையில் திருப்பிப் பயன்படுத்துகின்றன.

பதில் (வடக்குத்தெருக்காரி)

சற்று மாறுபடுகிறேன். இந்த நாவல்களின் ஊர்கள் கழுவித் துடைத்து வைக்கப்பட்டவை. ஆலை மூடிய ஊர், மருத்துவமனை இழந்த ஊர், இளைஞர்கள் வெளியேறிவிட்ட ஊர் என்று அமெரிக்கச் சிற்றூர்களின் நிலை இருக்க, நாவலில் மட்டும் அடுமனையும் புத்தகக் கடையும் செழித்துக்கொண்டே இருக்கின்றன. அதைவிட எனக்கு உறுத்துவது, ஊர்ப்பேச்சு எப்போதும் கனிவாகவே இருப்பது.

நிச்சயம் முறிந்தால் பழி யார்மேல் விழும் என்பது நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையன் வீட்டார் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பெண் வீட்டார் ஒவ்வொரு வரனிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட நான் ஏன் இவற்றை விடாமல் படிக்கிறேன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். முறித்துக்கொண்டு போன பெண் திரும்பி வரும்போது ஊர் அவளுக்கு இடம் கொடுக்கிறது. அவள் பொய் சொன்னது தெரிந்த பிறகும் அவளை ஒதுக்குவதில்லை. காதலனின் மன்னிப்பைவிட அந்த ஊரின் மன்னிப்புக்காகவே நான் படிக்கிறேன். ஆகவே மாலைவாசிப்பு சொன்ன கதையமைப்பில், பிரிந்தவர்களுக்குக் கிடைக்கும் இரண்டாம் வாய்ப்பை இருவருக்கு மட்டும் உரியதாக என்னால் பார்க்க இயலவில்லை.

மாலைவாசிப்பு

வடக்குத்தெருக்காரி சொன்ன கோணம் என் மனத்தில் இதுவரை தோன்றாதது, மிக்க நன்றி. ஒரு ஐயம் மிஞ்சுகிறது. பல நாவல்களில் முதல் பிரிவுக்குக் காரணம் கிடைக்காமல் போன கடிதமோ, தவறாகக் கேட்ட பேச்சோதான். அப்போது மன்னிக்க எதுவுமே இல்லையே?

பதில் (கரைமேல்நடை)

அத்தகைய நாவல்களில் எனக்கும் நிறைவு ஏற்படுவதில்லை. பிரிந்ததற்கு இருவரிடமும் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் அன்றைக்கு நியாயமாகத் தோன்றியிருக்கவும் வேண்டும். ‘பர்சுவேஷன்’ நாவலின் 23ஆம் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். 1808இல் கையில் சில ஆயிரம் பவுண்டுகளோடும் புதிய கப்பலின் பொறுப்போடும் இருந்தபோது கடிதம் எழுதியிருந்தால், மறுபடி ஏற்றிருப்பாயா என்று வென்ட்வர்த் கேட்கிறார். ஏற்றிருப்பேன் என்பது அவள் மறுமொழியின் தொனியிலேயே தெரிந்துவிடுகிறது. 1808க்குப் பிறகு வீணாய்க் கழிந்த ஆறு ஆண்டுகளுக்கு லேடி ரஸ்ஸல் பொறுப்பல்ல, தம்முடைய செருக்கே பொறுப்பு என்று அவர் அங்கேயே ஒப்புக்கொள்கிறார்.